எட்டாவது பட்டன்

நவம்பர் 17, திங்கள்

இது இடது கையால் எழுதுவது. கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். யாரையும் படிக்க அழைக்கவில்லை.

பக்கவாதம் வந்து ஒன்பது வாரம். கம்பு ஊன்றி நடக்கிறேன். பேச்சு கெடவில்லை. அதில் இந்த வீட்டில் ஒருத்திக்கு வருத்தம் இருக்கலாம். வலது கைதான் சொன்னதைக் கேட்க மாட்டேன் என்கிறது. பிசியோதெரபிக்கு மேலப்பாளையத்திலிருந்து நஸ்ரின் என்று ஒரு பெண் வாரம் மூன்று நாள் வருகிறாள். சப்பாத்தி மாவை உருட்டி என் உள்ளங்கையில் வைத்து, "பிசைங்க சார்" என்கிறாள். சார்பதிவாளராக இருந்தவன் மாவு பிசைகிறேன்.

ஜனவரி 5 பெனிட்டாவுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் கோயில் பதிவேட்டில் பெண்ணின் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் ஏழு வாரம்.

இடது கையால் போட்டால் என்ன என்று லீதியாள் கேட்டாள். முப்பத்துமூன்று வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் இவ்வளவுதான் அறிவு. இடது கையால் போட்டால் அது வேறு ஆளின் கையெழுத்து. இப்படி வந்த எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். தா. சற்குணம் என்றால் சாய்ந்த 'தா', கடைசி எழுத்திலிருந்து பின்னால் ஓடிவரும் ஒரு கோடு, கோட்டின் கீழே இரண்டு புள்ளி. அது வலது கையில் மட்டும்தான் இருக்கிறது.

காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டேன். இரண்டு இட்லி.

நவம்பர் 19, புதன்

கைநாட்டு வைப்பதைப் பற்றி இன்று நஸ்ரினே பேச்செடுத்தாள். "அவசரத்துக்கு ரேகை வச்சா போதும்லா சார்?" அவளுக்கு என்ன தெரியும். வாழ்நாள் முழுக்க நான் பிடித்து உருட்டிய பெருவிரல்கள் எத்தனை ஆயிரம் என்று எனக்கே தெரியாது. காய்ந்த விரல், வெடித்த விரல், சுண்ணாம்பு ஒட்டிய விரல். சொந்தப் பேரை நாலு எழுத்தில் எழுதக் கற்க ஒரு வாரம் போதும். அதற்குக்கூட வணங்காத ஜென்மங்கள். விரலை வைத்துவிட்டு அலுவலகச் சுவரில் துடைத்துவிட்டுப் போவார்கள். இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்க ஊதா. 'சுவரில் மை துடைக்கக் கூடாது' என்று பலகை எழுதி மாட்டினேன். ஒருவன் பலகையைப் பார்த்துவிட்டு, "பெறவு எதுல தொடைக்க ஐயா?" என்றான். "தலையில தடவிக்கோ" என்றேன். அலுவலகமே சிரித்தது. அவனும் தடவிக்கொண்டுதான் போனான்.

என் மாமனாரும் அந்தக் கூட்டம்தான். உடன்குடிப் பக்கம் பனையேறி. எங்கள் கல்யாணத்தன்று கோயில் மேசைமேல் அவர் பெருவிரலை ஊன்றி உருட்டியபோது, கூட வந்திருந்த என் சிநேகிதர்களோடு நானும் சிரித்துவிட்டேன். பிள்ளை வயது எனக்கு, இருபத்தெட்டு. யாருக்கும் கேட்டிருக்காது.

நவம்பர் 22, சனி

பெனிட்டா மதுரையிலிருந்து வந்தாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இருக்க வேண்டிய புத்தி இல்லை. கல்யாணத்துக்குப் புதுப் பட்டு வேண்டாமாம். அம்மாவின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். நாப்தலீன் நாற்றம் கூடம் வரை வந்தது. வெள்ளைப் பட்டு, ஓரத்தில் ஒரு விரல் ஜரிகை. முந்தானையில், உள்பக்கமாக, ஒரு ஊதாக் கறை. எங்கேயோ மை ஒட்டியிருக்கிறது. முப்பத்துமூன்று வருஷமாக அதைப் போக்கத் துப்பில்லாமல் மடித்து வைத்திருக்கிறாள்.

"எலுமிச்சம்பழம் தேய்ச்சா போயிருமே," என்றேன்.

"போவும்," என்றாள் லீதியாள். "இருக்கட்டும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பழைய ரவிக்கை பெனிட்டாவுக்குப் பற்றாது. அதிலிருந்த எட்டுச் சிப்பிப் பட்டனை மட்டும் வெட்டி எடுத்து, ஒவ்வொன்றையும் சுற்றி லேஸ் பின்னி, புது ரவிக்கையின் முதுகில் தைக்கப் போகிறார்கள். பட்டன் எதையும் பூட்டாது. உள்ளே கொக்கி இருக்கிறது. ஆகக்கூடி, ஒரு வேலையும் செய்யாத பட்டனுக்கு ஒரு வேலையும் செய்யாத பூ. இதற்குப் பெண்கள் இருவரும் மூன்று மணி நேரம் ஆலோசனை நடத்தினார்கள்.

நவம்பர் 24, திங்கள்

லீதியாள் லேஸ் பின்னுவது எனக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றது. டாட்டிங் என்று பெயர். ஊசி கிடையாது. படகு மாதிரி, கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஷட்டில், அதற்குள் சுற்றிய நூல், பத்து விரல், அவ்வளவுதான். தலையணை உறை, மேசை விரிப்பு, கைக்குட்டை என்று வீட்டில் ஓரம் உள்ள எதையும் விட்டுவைக்கவில்லை. வேலையற்ற வேலை என்று நான் சொல்லாத வருஷமில்லை.

இன்று நஸ்ரின் அதைப் பார்த்துவிட்டாள். மாவு உருண்டையை என் கையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். "ஆன்ட்டி, இன்னொரு தடவ செஞ்சு காட்டுங்க." பிறகு என்னிடம் வந்து, "சார், நீங்க செய்ய வேண்டியது இதுதான். விரல் நுனிக்கு இதவிட நல்ல பயிற்சி கெடையாது. பேனா தானா வந்துரும்," என்றாள்.

நான் லேஸ் பின்னுவதா? கதவைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவமதித்தாலும் உறைப்பதில்லை.

நவம்பர் 28, வெள்ளி

மாவு உருண்டை. அதையே எறும்புக்குப் போட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் லீதியாள் காய் வாங்கப் போனபின், வலது கையில் பேனாவைச் செருகி ஒரு முழுத்தாளில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். என்ன வந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒரு சாவு விழுந்த வீடு போல் இருந்தது மனம்.

மத்தியானம் லீதியாளிடம், "அந்த எழவ எடு," என்றேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. ஷட்டில் முன்கூட்டியே நூல் சுற்றித் தயாராக இருந்தது. இது எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

பதிவுக்காக எழுதுகிறேன்.

இடது கை விரல்களைச் சுற்றி நூலை ஒரு வளையமாகப் பிடிக்க வேண்டும். வலது கை ஷட்டிலை அந்த நூலுக்கு அடியில் விட்டு மேலே எடுக்க வேண்டும். ஷட்டில் நூல் ஒரு முடிச்சாக விழும். அந்த முடிச்சை அப்படியே இறுக்கினால் போச்சு. இடது விரல்களைத் தளர்த்தி, வலது நூலை விண்ணென்று இழுக்க வேண்டும். அப்போது முடிச்சு ஒரு துள்ளல் துள்ளி, வலது நூலிலிருந்து இடது நூலுக்கு மாறும். அதற்குப் புரளுவது என்கிறாள். புரண்ட முடிச்சுதான் நூலில் வழுக்கும். அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தபின் ஷட்டில் நூலை இழுத்தால் எல்லாம் சுருங்கி ஒரு குட்டி வளையம். ஒரு பட்டனைச் சுற்றி ஆறு வளையம்.

ஒரு முடிச்சு புரளாவிட்டாலும் வளையம் மூடாது. அவிழ்க்கவும் முடியாது. வெட்டித்தான் எறிய வேண்டும்.

என் முடிச்சுகள் புரளவில்லை. வெட்டியது ஏழு. நூல் மட்டமான நூல்.

டிசம்பர் 6, சனி

வெட்டியது ஒன்பது. நூலை மாற்றச் சொன்னேன். மாற்றினாள். வெட்டியது ஆறு.

டிசம்பர் 10, புதன்

லீதியாள் ஐந்து பட்டனை முடித்துவிட்டாள். எட்டாவதை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாளாம். டிவி பார்த்துக்கொண்டே முடிக்கிறாள். கண் நூலில் இல்லை, விரல் தானாக ஓடுகிறது. மாடு அசை போடுவதுபோல. இதில் மூளைக்கு என்ன வேலை?

எனக்கு இன்று வெட்டியது பதினொன்று. வெட்டிய துண்டுகளை அவள் பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "கெடக்கட்டும்," என்றாள். இவள் எதையும் தூக்கி எறிகிறவள் இல்லை.

சாயங்காலம் எரிச்சலில் ஷட்டிலைத் தரையில் எறிந்தேன். கட்டிலுக்கடியில் போய்விட்டது. அவள் குனிந்து எடுத்து, தூசி ஊதி, என் மடியில் வைத்தாள்.

"ஒங்க வலது கையில ஒரு கொறையும் இல்ல," என்றாள். "அது பாவம், இழுக்கத்தான் செய்யுது. இடது கைதான் விடமாட்டேங்கு. புடிச்ச புடியிலயே நிக்கி."

"எனக்குப் பாடம் எடுக்காதே."

"நான் நூலத்தான் சொல்லுதேன்."

டிசம்பர் 14, ஞாயிறு

சம்பந்தி தங்கையா குடும்பத்தோடு வந்தார். தூத்துக்குடியில் டயர் கடை. பேச்சும் டயர் மாதிரிதான், உருண்டுகொண்டே இருக்கிறது. மாப்பிள்ளை கிங்ஸ்லின் வாயைத் திறக்கவில்லை. கூட வந்த அவனுடைய சிநேகிதன் ஒருவன், தாடை நிறையப் பல், எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

கார் சத்தம் கேட்டதும் ஷட்டிலைச் சாய்வு நாற்காலி மெத்தைக்கு அடியில் தள்ளினேன். அதன்மேலேயே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குத்தியது.

"கையெழுத்தெல்லாம் போட்டுருவீங்கள்ளா மச்சான்?" என்று தங்கையா கேட்டார். பால்பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே.

"என் உத்தியோகமே அதுதான்," என்றேன்.

அவர்கள் போனபின் பெனிட்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, இவ்வளவு வீம்பு எதுக்கு? டெய்லி காலைல அம்மா ஒங்க சட்டைக்குப் பட்டன் போட்டு விடுதாங்க. அப்ப நீங்க ஃபேனயே பாத்துட்டு நிக்கீங்க. அதுல போகாத மானமா இதுல போயிரும்?"

பிள்ளைகளுக்கு அதிகம் இடம் கொடுத்தால் இப்படித்தான் பேசும். ஃபேனில் தூசி இருந்தது. பார்த்தேன்.

டிசம்பர் 17, புதன்

வெட்டியது நான்கு.

டிசம்பர் 20, சனி

இன்று காலை பதினொன்றரைக்கு ஒரு முடிச்சு புரண்டது.

இடது கை அசந்துபோய்த் தானாகத் தளர்ந்த நேரம். வலது கை இழுத்தது. நூலுக்குள் ஒரு சின்னத் துள்ளல், விரலில் தெரிந்தது. அப்படியே பன்னிரண்டும். இழுத்தேன். மூடிவிட்டது. உளுந்து அளவு வளையம்.

யாரையும் கூப்பிடவில்லை. லீதியாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அரை மணி நேரமாக நான் திட்டவில்லை என்பதால் பயந்துவிட்டாளாம்.

வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "கொஞ்சம் கோணல்," என்றாள். கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்மஸ் ஆராதனை. பிரசங்கம் ஐம்பத்தைந்து நிமிஷம். சொல்ல விஷயம் இல்லாதவர்தான் அவ்வளவு பேசுவார்.

மூன்று வளையம் ஆயிற்று. நான்காவதை வெட்டினேன். மிச்ச நூல் குட்டையாகிவிட்டது, இனி வெட்டினால் ஏற்கெனவே முடித்த மூன்றும் போய்விடும் என்றாள். முன்னமே சொல்வதற்கென்ன? சொன்னாளாம். நான்தான் பாடம் எடுக்காதே என்றேனாம்.

டிசம்பர் 31, புதன்

முடிந்தது. ஆறு வளையம். இரண்டு பெரிது, ஒன்று சப்பை. சிப்பிப் பட்டனை நடுவில் வைத்து, அதன் துளை வழியாக நூலைக் கோத்து லீதியாள் இறுக்கிக் கொடுத்தாள். மற்ற ஏழின் பக்கத்தில் வைத்தால் ஏழு மல்லிகையும் மாடு மிதித்த ஒரு மல்லிகையும்.

சாப்பிட்டபின் பேனா எடுத்தேன். நஸ்ரின் சொன்னபடி, இடது கையைத் தாளின்மேல் சும்மா வைத்து, அழுத்தாமல். தா. சற்குணம். கோடு பின்னால் ஓடி வந்தது. இரண்டு புள்ளி. மூன்று முறை போட்டேன். மூன்றாவதை எந்த அலுவலகமும் ஏற்கும். நான் ஏற்பேன், அதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை.

தங்கையா பார்க்கட்டும்.

ஜனவரி 3, சனி

பெனிட்டா என் பட்டனை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே, கழுத்துக்கு நேர் கீழே தைக்கச் சொன்னாள்.

"அத அடியில வை. அங்க யாரும் பாக்க மாட்டாங்க," என்றேன்.

"பீடத்த பாத்துட்டு நிக்கும்போது சபை முழுக்க என் முதுகத்தானே பாக்கும்," என்றாள். "முக்காட்டு நெட்டுக்குள்ளயும் தெரியணும்."

கழுதை. சொன்னால் கேட்காது.

ஜனவரி 5, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆவணத்தில் அடித்தல் திருத்தல் கூடாது.

லீதியாள் என் கோட்டுப் பட்டனைப் போட்டு விட்டாள். நான் அவள் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நரை அதிகம்.

ஆராதனை குறையின்றி நடந்தது. முன்வரிசையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் அந்த முதல் பட்டன்தான். சப்பையான வளையம் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

பதிவேட்டைப் பீடத்துக்குப் பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள். புதிதாக வெள்ளையடித்த அறை. மாப்பிள்ளை போட்டான், பெனிட்டா போட்டாள். தங்கையா ஒரு முழ நீளத்துக்குப் போட்டார். பிறகு குருவானவர் பேனாவை என்னிடம் நீட்டினார். அறையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். அந்தப் பல்லன் போனைத் தூக்கிப் பிடித்தான்.

'தா' வந்தது. புள்ளி வந்தது. 'ச' வந்தது. யாரோ பின்னால் "ம், ம்" என்று எனக்கு உற்சாகம் கொடுத்தார்கள், குழந்தை நடை பழகுவதற்குக் கொடுப்பது போல. என் இடது கை பதிவேட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தது. பிடிக்கிறது என்று தெரிந்தது. விடு என்றேன். விடவில்லை. பதிவேடு நகர்ந்தது. பேனா குறுக்கே ஒரு கோடு இழுத்துத் தங்கையாவின் கையெழுத்துமேல் போய் நின்றது.

"இடது கையில போடுங்களேன் மச்சான்," என்றார் தங்கையா.

"அது என் கையெழுத்து ஆகாது," என்றேன்.

குருவானவர் நல்ல மனிதர். "பரவால்ல ஐயா, ரேகை போதும்," என்று மேசை இழுப்பறையிலிருந்து மைப் பெட்டியை எடுத்தார். இடது பெருவிரலை வைத்தேன். உருட்டினேன். எப்படி உருட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு விரலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கம்பு வலது கைப்பக்கம் சாய்ந்திருந்தது. கைக்குட்டை கோட்டுப் பையில், எடுத்தால் கோட்டில் மை. சுவர் எல்லாம் வெள்ளை.

"தலையில தடவுங்க அங்கிள்," என்றான் பல்லன். நாலைந்து பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். அவனுக்கு வயது இருபத்தெட்டு.

பெனிட்டா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து, என் பெருவிரலை அதற்குள் வைத்து, அழுத்தித் துடைத்தாள். நான் கையைப் பிடுங்கப் பார்த்தேன், "பட்டு, கெட்டுப்போவும்" என்றேன். அவள் விடவில்லை. துடைத்துவிட்டு முந்தானையை விரித்தாள். பழைய கறைக்குப் பக்கத்தில் புதுக் கறை. ஒரே அளவு. ஒரே வடிவம். நான் ஆயிரக்கணக்கில் பார்த்த வடிவம்.

லீதியாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் சாம்பாரில் உப்பு இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

பெனிட்டா தூத்துக்குடி போய்விட்டாள். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

மத்தியானம் லீதியாள் புடவையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள். பிடித்தேன்.

"மொதக் கறை ஒங்க ஐயா விரலா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"நீயா தொடச்ச?"

"வேற யாரு தொடைப்பா? நீங்க அங்கன சிரிச்சுட்டு நின்னீங்க." கோபமில்லாமல் சொன்னாள். "அவுக காதுலயும் விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து, கழுத கூட்டத்துல குடுத்துட்டமோன்னு எங்க அம்மகிட்ட கேட்டாவளாம்."

"இவ்வளவு வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

புடவையை நாலாய் மடித்துப் பெட்டியில் வைத்தாள். அடியில் இருந்த பிஸ்கட் டின்னைத் தற்செயலாகத் திறந்தேன். நான் வெட்டி எறிந்தது அத்தனையும் இருந்தது. எண்ணினேன். அறுபத்திமூன்று.

மாமனார் செத்து இருபது வருஷம் ஆகிறது. மரியாதையாக ஒரு வார்த்தை அவரிடம் நான் பேசியதாக ஞாபகம் இல்லை.

ஷட்டிலை எடுத்து வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். பட்டன் எதுவும் மிச்சமில்லை. சும்மாதான். முதல் முடிச்சு புரண்டது, இரண்டாவதும் புரண்டது. மூன்றாவது புரளவில்லை. வலது கையால் இழுத்துப் பார்த்தேன், நகத்தால் நெம்பிப் பார்த்தேன், லீதியாளிடம் காட்டினேன்.

"அது இனி அவுழாது," என்றாள். கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.